ஐதாப் துறையிலிருந்து ஒரு கடிதம்: யூத சிந்தனையில் தெய்வ நம்பிக்கையும் மனிதப் பிரயத்தனமும்

செங்கடலின் மேற்குக் கரையிலே ஐதாப் என்றொரு துறைமுகம் இருந்தது. இன்று மணல் மூடிக் கிடக்கும் அவ்விடம், பன்னிரண்டாம் நூற்றாண்டில், நைல் நதிக்கரையிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வந்த வர்த்தகர்கள் இந்தியாவை நோக்கிக் கப்பலேறும் வாசலாக விளங்கியது. அந்தத் துறையிலிருந்து தாவீது என்னும் யூத வர்த்தகர், கெய்ரோவை அடுத்த புஸ்தாத் நகரில் வாழ்ந்த தம் தமையனாருக்கு, எபிரெய எழுத்தில் அரபு மொழியில் ஒரு கடிதம் எழுதினார். புஸ்தாத்திலிருந்த ஜெப ஆலயத்தின் பழந்தாள் அறையில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தை வந்தடைந்த அக்கடிதத்தை இன்றும் நாம் காணலாம்.

கடிதம் சொல்லும் செய்தி இது. தாவீதும் துணைவர் ஒருவரும், தாங்கள் சேர்ந்து போயிருக்க வேண்டிய வணிகர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, தனியே பாலைவனத்தைக் கடந்துவிட்டனர். இத்தகைய துணிச்சல் அறியாமையால் விளைந்ததேயன்றி அறிவால் விளைந்ததன்று என்பதை அவரே ஒப்புக்கொள்ளுகிறார். ஆயினும் அவர்கள் சேதமின்றித் துறையை அடைந்தார்கள். பாதுகாப்பென்று எல்லோரும் நம்பிய அந்தக் கூட்டமோ வழியில் கொள்ளையிடப்பட்டு, சிலர் காயமுற்றும் சிலர் தாகத்தால் மாண்டும் போக, எஞ்சியோர் பின்னர் வந்து சேர்ந்தனர். ஐதாபிலே வாங்குவதற்கு அவுரிச் சாயத்தைத் தவிர வேறு சரக்கு அகப்படவில்லையாதலால், கடல் கடந்து இந்தியாவுக்கே போய்விடுவதென்று தாவீது தீர்மானித்தார். பாலையிலே காத்தவன் கடலிலும் காப்பான் என்று தமையனாருக்குத் தைரியம் சொல்லி, வீட்டிலுள்ள இளையவளைக் கலங்கவிடாமல் தேற்றும்படி வேண்டி, முடிந்துபோனதற்காகக் கடவுளிடம் அழுவது வீண் பிரார்த்தனை என்று மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு கூறும் விதியையும் நினைவூட்டி, அவர் கடிதத்தை முடிக்கிறார்.

அந்தத் தமையனார்தாம் மோசே பென் மைமோன், மேலை உலகம் மைமோனிடிஸ் என்று அறிந்த மாமேதை. தாவீது ஏறிய கப்பல் இந்து மகா சமுத்திரத்திலே மூழ்கிப் போயிற்று.

தெய்வ பராமரிப்பை நம்பி அன்றாட வாழ்க்கையை நடத்துவது என்றால் என்ன என்று யூத நூல்களிலே தேடப் புகுந்தவனுக்கு, எந்தத் தத்துவ நூலைக் காட்டிலும் இந்த ஒற்றைக் கடிதமே முதலில் எதிர்ப்பட்டு வழிமறிக்கிறது. ஏனெனில் தாவீது செய்தது நம்பிக்கையா, அசட்டுத் துணிச்சலா என்ற வினாவை, அவர் மூழ்கினார் என்ற செய்தியைக் கொண்டு நாம் தீர்த்துவிட முடியாது. பாலையைக் கடந்தபோது செய்ததும் அதுவேயன்றோ?

இவ்விஷயத்தைப் பற்றிப் பேசும் யூதர்களிடம் மூன்று சொற்கள் அடிக்கடி வழங்கும். ‘ஹஷ்காஹா’ என்பது கடவுள் உலகை நோக்கிக்கொண்டிருத்தல்; தமிழ்க் கிறிஸ்தவர்கள் தெய்வ பராமரிப்பு என்பது ஏறக்குறைய இதுவே. ‘பித்தஹோன்’ என்பது அந்தப் பராமரிப்பின்மேல் மனிதன் சாய்ந்துகொள்ளும் நிலை. ‘ஹிஷ்தத்லூத்’ என்பது மனிதன் தன் பங்குக்குச் செய்யும் பிரயத்தனம். முதற்சொல் கடவுளைப் பற்றியது. மற்ற இரண்டும் மனிதனைப் பற்றியவை. வழக்கெல்லாம் அவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கல் எங்கே நடுவது என்பதில்தான். சொற்களுக்கும் ஒரு விதி உண்டு போலும்: இன்றைய இஸ்ரேலில் பித்தஹோன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது படைப் பாதுகாப்பு, அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயரிலே இருப்பதும் அச்சொல்லே.

இந்நம்பிக்கை சித்தாந்தமாக எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே சாப்பாட்டு விஷயமாக இருந்தது. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்திலே மன்னாவை உண்ட வரலாற்றை யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம் கூறுகிறது: தலைக்கு ஒரு ஓமர் அளவு, நாளைக்கென்று எடுத்து வைத்தவனுடையது புழுத்து நாறும், ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு, மறுநாள் ஓய்வுநாள் ஆகையால். வெள்ளிக்கிழமை மாலை யூத இல்லங்களில் மேசையின்மீது இரண்டு அப்பங்களைத் துணியால் மூடிவைப்பது அந்த இரட்டைப் பங்கின் ஞாபகமே. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மன்னா பொழிந்திருக்கலாகாதோ என்று சீடர்கள் கேட்டதற்கு, ஷிமோன் பார் யோஹாய் என்னும் ஆசிரியர், மகனுக்கு ஆண்டுப்படியை ஒரே தவணையில் அளந்த அரசன் மகனின் முகத்தை ஆண்டுக்கு ஒருமுறையே கண்டதையும், நாட்படியாக மாற்றியபின் நாள்தோறும் கண்டதையும் உவமையாகச் சொன்னதாக, மிஷ்னாவை விரித்தெழுந்த தல்மூது குறிக்கும். படியளக்கிறவன் என்று கடவுளைச் சொல்லிப் பழகிய செவிக்கு இந்த உவமை அந்நியமாகப் படாது.

மன்னா நின்றுபோய் ஏர்பிடிக்கும் காலம் வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. உழவுக் காலத்தில் உழுது, விதைப்புக் காலத்தில் விதைத்து, வேத அத்தியயனத்தையும் அதனோடு இணைத்துக்கொள்ள வேண்டும் என்றார் இஷ்மவேல் என்னும் பேராசிரியர். அவ்வாறு எல்லாப் பருவத்துக்கும் ஒரு வேலை இருக்குமாயின் அத்தியயனத்தின் கதி என்ன, கடவுளின் சித்தத்தைச் செய்தால் பிறர் வந்து நம் வேலையைச் செய்வர் என்றார், மன்னாவுக்கு உவமை சொன்ன அதே ஷிமோன். இந்த விவாதத்தை எடுத்துரைக்கும் தல்மூதுப் பகுதி, வேதவசனங்களைக் கொண்டு மட்டும் தீர்ப்புத் தேடாமல், பாபிலோனிய ஆசிரியராகிய அபாயே கண்ட அநுபவத்தையும் அருகிலேயே வைக்கிறது: இஷ்மவேலின் வழி நின்றவர் பலர், நிலைத்தார்கள், ஷிமோனின் வழி நின்றவரும் பலர், நிலைக்கவில்லை. அதே பக்கத்தில் ராவா என்னும் ஆசிரியர், அறுவடை மாதத்திலும் திராட்சையும் ஒலிவமும் பிழியும் மாதத்திலும் தம் வகுப்புக்கு வரவேண்டாம் என்று மாணாக்கர்களைக் கேட்டுக்கொள்கிறார், வருஷம் முழுவதும் சோற்றுக் கவலை அவர்களை வாட்டக்கூடாதென்று. பரலோகத்தைப் பற்றிய வினாவுக்குப் பள்ளி விடுமுறையால் விடை சொன்ன இந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒருவனுடைய ஓராண்டு வருமானம் முழுவதும் புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் இடைப்பட்ட பத்து நாட்களிலே விதிக்கப்பட்டுவிடுகிறது என்றும் ஒரு வாக்கு உண்டு. ஓய்வுநாள் செலவும், திருநாள் செலவும், பிள்ளைகளின் கல்விச் செலவும் அந்தக் கணக்கில் சேரா. அவற்றில் எவ்வளவு கூட்டிச் செலவிடுகிறானோ அவ்வளவு கூட்டித் தரப்படும். பள்ளிக்கூடச் சம்பளம் கட்டும் தகப்பன்மார் இவ்விதியை எவ்வளவு ஆறுதலோடு வாசித்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

சிதறிக் கிடந்த இத்தகைய வாக்குகளை ஒழுங்கான ஒரு சாதனமுறையாக வகுத்தவர், பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துச் சரகோசாவில் நீதிபதியாக இருந்த பஹ்யா இப்னு பக்கூதா. ‘இதயத்தின் கடமைகள்’ என்னும் அவரது அரபு நூல் பத்து வாசல்களாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் நான்காவது நம்பிக்கையின் வாசல். இஸ்லாமிய சூஃபிகளும் துறவிகளும் ‘தவக்குல்’ என்ற பெயரால் பல தலைமுறையாக ஆராய்ந்த விஷயங்களை அவர் தாராளமாக எடுத்தாண்டிருக்கிறார். எடுத்துக்கொண்டதை மறைக்கவேண்டுமென்ற கூச்சமும் அக்காலத்தவருக்கு இருந்ததில்லை. 1161ஆம் ஆண்டு முதல் யூதா இப்னு திப்பொன் இந்நூலை எபிரெயத்தில் பெயர்த்துத் தந்த பிறகு, யூதர் வாழ்ந்த தேசமெங்கும் அது பரவிற்று.

பஹ்யா நம்பிக்கையுடையவனை ரசவாதியோடு ஒப்பிடுகிறார். வெள்ளியைப் பொன்னாக்கத் தெரிந்தவன் பாக்கியவான் என்று உலகம் நினைக்கிறது; ஆனால் அவனுக்கு மூலப்பொருள் வேண்டும்; உலைப்புகை அவன் உயிருக்கே உலைவைக்கும்; இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும்; ரகசியம் வெளிப்பட்டால் தலைபோகும். கடவுளை நம்பியவனுக்கு இவை ஒன்றும் இல்லை. இவ்வளவு லௌகிகமாக ஆதாயக் கணக்குப் போட்டுக்காட்டும் பகுதி, துறவு வாடை வீசும் ஒரு நூலில் இருப்பது படிப்பவனுக்கு வியப்பைத் தரும். இந்த ஒப்பீடு வரும் நான்காம் வாசலின் முன்னுரையிலேயே இன்னொரு கதையும் வருகிறது. துறவி ஒருவன் ஜீவனத்தைத் தேடித் தூரதேசம் சென்று, அங்கே விக்கிரகத்தை வணங்குபவன் ஒருவனைக் கண்டு, உன் குருட்டுத்தனந்தான் என்னே என்று இகழ்ந்தான். நீ யாரை வணங்குகிறாய் என்று அவன் திருப்பிக் கேட்க, எல்லா உயிருக்கும் உணவளிக்கும் சர்வவல்லமையுள்ளவனை என்றான் துறவி. அப்படியானால் உன் சொல்லை உன் செயலே பொய்ப்பிக்கிறதே, உன் ஊரிலேயே உன்னைப் போஷிக்க வல்லவனை விட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்றான் மற்றவன். துறவி வாயடைத்துப் போய் ஊர் திரும்பினான். பின்பு எங்கும் போகவில்லை.

இக்கதையோடு நிறுத்திக்கொள்பவர்கள் பஹ்யாவைச் சோம்பேறித்தனத்தின் உபதேசியாக எண்ணக்கூடும். அவரோ பின்வரும் அதிகாரங்களில், பூனைக்கு எலி பிடிக்கும் சுபாவமும் பருந்துக்குப் பறவை பிடிக்கும் சுபாவமும் படைப்பிலேயே அமைந்திருப்பதுபோல, ஒவ்வொரு மனிதனுடைய உடலும் மனமும் ஏதோ ஒரு தொழிலுக்கு இசைவாக அமைந்திருப்பதைக் காட்டி, அத்தொழிலைத் தேடிச் செய்வதே கடமை என்கிறார். ஆயுள் விதிப்படி என்று சொல்லிக்கொண்டு விஷம் அருந்துகிறவனைக் கண்டிக்கிறார். தொழில் செய், ஆனால் தொழில் உனக்குச் சோறு போடுவதாக நினைக்காதே என்பது அவர் கருத்தின் சாரம். கை ஒன்று செய்ய மனம் வேறொன்றில் ஊன்றி நிற்கவேண்டிய இப்பயிற்சி, வேலையை விட்டுவிடுவதைக் காட்டிலும் பன்மடங்கு கடினமானது.

இதுவரை கண்ட நம்பிக்கை ஒருவன் தன்னைக் குறித்துக் கொள்வது. பிறனைக் குறித்தபோது யூத சாஸ்திரம் முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. என் கருத்தில் இவ்வாராய்ச்சி முழுமைக்கும் மையம் இங்கேதான் இருக்கிறது.

ஏழாம் ஆண்டு வந்தால் நிலத்தைத் தரிசாக விடவேண்டும், கொடுத்த கடனையும் தள்ளிவிட வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். ஏழாம் ஆண்டு நெருங்குகிறதென்று மனம் கடினப்பட்டு ஏழைக்குக் கடன் கொடுக்க மறுக்காதே என்று உபாகமம் எச்சரிக்கிறது. கொடுத்தவனை ஆசீர்வதிப்பதாகக் கடவுளே வாக்களிக்கிறார். பணமுள்ளவனின் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான பரீட்சை வேறில்லை. பொது ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டி எருசலேமில் வாழ்ந்த ஹில்லெல் என்னும் பெரியார், ஜனங்கள் அந்தப் பரீட்சையில் தவறுவதைக் கண்டார். ஏழாம் ஆண்டுக்கு அஞ்சி எவரும் கடன் கொடுக்கவில்லை. விதைநெல்லுக்குக் கைநீட்டியவன் வெறுங்கையோடு திரும்பினான். பணக்காரர்களைக் கூட்டி வைத்து நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு ஹில்லெலுக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. ஆனால் அவர் செய்ததோ, கடனை எப்போது வேண்டுமானாலும் வசூலித்துக்கொள்வேன் என்று நீதிமன்றத்தின்முன் கடன் கொடுத்தவன் எழுதிவைக்கும் ‘புரோஸ்புல்’ என்ற பத்திரத்தை ஏற்படுத்தியது. கடன் தள்ளுபடியாகாது என்றவுடன் பெட்டிகள் திறந்தன. பணக்காரனின் அவநம்பிக்கைக்குத் தண்டனையை ஏழை அநுபவிக்கக் கூடாது என்று அவர் கருதினார் போலும். மிஷ்னா இதைப் பதிவு செய்யும்போது ஹில்லெலைக் குறைகூறும் தொனி எதுவும் இல்லை.

இதே மனப்பாங்கைப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், ஹசீதியர் என்னும் யூத பக்தி இயக்கத்தாரின் கதையொன்றிலும் காண்கிறோம். உலகில் கடவுள் படைத்த ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பயன் உண்டென்றால் நாஸ்திகத்துக்கு என்ன பயன் என்று ஒருவர் கேட்டாராம். இல்லையென்று ஒருவன் உன்னிடம் வரும்போது பயன்படுவதற்கு என்றாராம் குரு. கடவுள் உனக்கு உதவுவார் என்று சொல்லி அவனை அனுப்பிவிடாமல், உதவுவதற்கு உலகில் உன்னைத் தவிர வேறொருவரும் இல்லாததுபோல் நடந்துகொள்ளவேண்டிய சமயம் அது. 1807இல் மறைந்த சாசோவ் ஊர் மோசே லெய்பின் பெயரில் இக்கதை வழங்குகிறது. 1848இல் வில்னா நகரில் வாந்திபேதி பரவியபோது, பாவநிவாரண நாளின் உபவாசத்தை விட்டு ஜனங்கள் உணவு கொள்ளவேண்டும் என்று இஸ்ரவேல் சலாந்தர் என்னும் யூத ஆசிரியர் பகிரங்கமாக அறிவித்த செய்தியும் இவ்வரிசையிலே சேரும். அவர் எப்படி அறிவித்தார் என்பதைப் பற்றிக் கதைகள் பலவிதம். பிறர் உயிரை வைத்துத் தம் நம்பிக்கையைப் பரீட்சிக்க அவர் விரும்பவில்லை என்பதில் எல்லாக் கதைகளும் ஒன்றுபடுகின்றன.

தன்னளவில் நம்பிக்கையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ஓர் எல்லை கண்டவர்கள், அந்தச் சலாந்தரின் வழியில் வந்த நோவர்தோக் மாணாக்கர்கள். 1896இல் அவ்வூரில் பாடசாலை நிறுவிய யோசேப் யோசெல் ஹுர்விட்ஸ், தம் பெயருக்குக் கீழே நம்பிக்கையுடையவன் என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களை இட்டுக் கையெழுத்திடுவார். மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்டு அவமானப்பட்டு வரும்படி மாணாக்கர்களை அனுப்புவது அவர்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. கையில் காசின்றிப் பிரயாணம் புறப்படுவது மற்றொன்று. பிறர் என்ன நினைப்பாரோ என்ற பயமும், நாளை என்ன ஆகுமோ என்ற பயமும் ஒரே வேரில் முளைப்பவை என்பது அவர் கண்ட மனோதத்துவம். சற்றே விபரீதமாகத் தோன்றினாலும், இதில் உண்மை இல்லையென்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. அவரே 1919ஆம் ஆண்டின் இறுதியில் கீவ் நகரில், நோயுற்ற மாணாக்கர்களுக்குத் தாமே பணிவிடை செய்து, அந்தத் தொற்றுக்கு இரையானார்.

நம்பிக்கை என்பதற்கு, காரியம் நல்லபடியாகவே முடியும் என்று நிச்சயமாக எண்ணுவது என்று பொருள்கொள்வது பழைய தவறு என எழுதியவர் ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட ஆபிரகாம் யெஷாயா கரெலிட்ஸ். லித்துவேனிய மரபில் வளர்ந்து, 1933இல் பாலஸ்தீனத்துக்கு வந்து ப்னே ப்ராக் ஊரில் குடியேறிய அவர் 1953இல் மறைந்தார்; அடுத்த ஆண்டில் இவ்விஷயம் பற்றிய அவரது சிறு நூல் வெளிவந்தது. வருங்காலம் தீர்க்கதரிசனத்தால் வெளிப்படுத்தப்படாதவரை எவனும் முடிவை அறியான். எதுவும் தற்செயலாக நேர்வதில்லை, எல்லாம் அவன் சித்தப்படியே என்று தெளிந்திருப்பதொன்றே நம்பிக்கை என்பது அவர் துணிபு. நல்லதே நடக்கும் என்று நினை, நல்லதே நடக்கும் என்று போதித்த லுபாவிச் ஹசீதியரின் மரபு இதற்கு நேர் எதிர். அங்கே நம்பிக்கையே நன்மையை இழுத்துவரும் கயிறு. இரு திறத்தாரும் இன்றுவரை ஒருவரையொருவர் ஒப்புக்கொண்டதில்லை.

ஹசோன் இஷ் தரும் உதாரணம் ஒரு கடைத்தெருவில் நிகழ்கிறது. எப்போதும் நாவில் நம்பிக்கையே தவழும் ஒரு கடைக்காரர்; நேர்மையானவர்; எல்லோருக்கும் ஆறுதல் சொல்பவர். அவர் தொழிலையே செய்ய மற்றொருவன் எதிரே கடை திறக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் அவர் நெஞ்சு இடிந்துபோகிறது. உறவினரும் நண்பரும் கூடி, அவனை எப்படித் தடுப்பதென்று சூழ்ச்சிகள் தொடங்குகின்றன. நாளடைவில் வெட்கமும் விட்டுப்போகிறது. அவரிடம் இருந்தது நம்பிக்கையன்று, அதைப் பற்றிய பேச்சின் இனிமை மட்டுமே என்பது அப்போதுதான் வெளியாகிறது. உண்மையில் நம்பியவனோ போட்டியாளனுக்குக் கடை திறப்பதில் தானே ஒத்தாசை செய்வான். ஆக, நம்பிக்கையின் அளவுகோலை ஹசோன் இஷ் அடுத்த கடைக்காரனின் கையிலே கொடுத்துவிடுகிறார். ஹில்லெல் ஏழையின் கையில் கொடுத்ததுபோல.

இனி மைமோனிடிஸிடம் திரும்புவோம். 1168இல் முடித்த மிஷ்னா வியாக்கியானத்திலே, மருந்து உண்பது தெய்வ நம்பிக்கைக்கு விரோதம் என்று வாதித்தோரை அவர் கடுமையாகப் பரிகசிக்கிறார். பசியும் ஒரு கொடிய நோயே. அப்பம் தின்று அதைத் தீர்த்துக்கொள்பவன் கடவுளைக் கைவிட்டவனா என்று கேட்கிறார். (பசிப்பிணி என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வாதம் எளிதில் விளங்கும்.) அத்தியயனம் செய்துகொண்டு தருமத்தில் பிழைப்பேன் என்பவன் கடவுளின் நாமத்தையே அவமதிக்கிறான் என்று தம் சட்ட நூலில் எழுதியவரும் அவரே. ஆனால் பல ஆண்டுகள் அவர் கவலையின்றி எழுத முடிந்ததற்குக் காரணம், தம்பி சந்தையிலே பொருளீட்டி வந்ததுதான்.

1190ஐ ஒட்டி நிறைவெய்திய ‘மயங்குவோர்க்கு வழிகாட்டி’ என்னும் நூலின் மூன்றாம் பாகத்திலே, தெய்வ பராமரிப்பைப் பற்றி உலகில் வழங்கும் ஐந்து கொள்கைகளை ஆராய்ந்து, மிருகங்களுக்கும் தாவரங்களுக்கும் இனத்தளவிலேயே பராமரிப்பு, தனித்தனியாகப் பராமரிக்கப்படுவது மனிதனே என்றும், அதுவும் அவனுடைய ஞானத்தின் தரத்துக்கு ஏற்பவே என்றும் முடிவு கூறுகிறார். மரத்திலிருந்து ஓர் இலை உதிர்வதும், சிலந்தி ஈயைத் தின்பதும் கேவலம் தற்செயல். (காற்றில் ஓர் இலை புரள்வதுகூட அவன் சித்தமே என்று பின்னாளில் ஹசீதியரின் முதல் ஆசானாகிய பால் ஷேம் தோவின் சீடர்கள் சொன்னது, இந்த இலையை எடுத்துக்கொண்டுதான்.) அடுத்து அவர் ஓர் உதாரணம் தருகிறார். கப்பல் ஒன்று மூழ்கி அதிலுள்ளோர் மாண்டால், மூழ்கியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அம்மனிதர்கள் அந்தக் கப்பலில் ஏறியது தற்செயலன்று, நம் அறிவுக்கு எட்டாத நியாயத்தின்படி அமைந்தது.

ஆயிரம் உதாரணங்கள் இருக்க இந்த உதாரணம் ஏன் வந்தது? நூலாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக் கூரை இடிந்து விழுவதையும் அதே மூச்சில் அவர் குறிப்பிடுகிறார். கப்பல் அக்காலத்துத் தர்க்க நூல்களில் வழங்கிய சாதாரண உதாரணமாகவும் இருக்கலாம். எனினும் தம்பியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர் அந்த வாக்கியத்தை எழுதும்போது எழுதுகோல் ஒரு கணமேனும் தயங்கியிராது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

1185இல் அக்கோ நகரத்து நீதிபதியாகிய யாபேத் என்பவருக்கு அவர் எழுதிய கடிதமொன்றும் எஞ்சியிருக்கிறது. தத்துவம் எதுவும் அதில் இல்லை. தம் பணமும், தாவீதின் பணமும், பிறர் பணமும் இந்தியக் கடலில் அவனோடு மூழ்கின என்கிறார். ஒரு விதவையும் சிறு பெண்ணும் தம் பொறுப்பில் எஞ்சினர் என்கிறார். செய்தி வந்த நாள்முதல் ஏறக்குறைய ஓராண்டு சுரமும் மனத்தளர்ச்சியுமாகப் படுக்கையில் கிடந்ததைச் சொல்கிறார். எட்டு ஆண்டுகள் ஆகியும் துக்கம் ஆறவில்லை. முடிந்துபோனதற்கு அழுவது வீண் பிரார்த்தனை என்று தம்பி எழுதியிருந்ததை அவர் மறந்திருக்க நியாயமில்லை. அந்த விதியை மிஷ்னா வியாக்கியானத்திலே விளக்கியவரும் அவர்தாமே. வைத்தியம் பார்த்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சலாதீனின் அமைச்சருக்கு வைத்தியரானார். தம்பியின் கையெழுத்தையோ அவன் எழுதிய கடிதம் ஒன்றையோ காணும்போதெல்லாம் தம் இதயம் புரண்டு போகிறது என்று யாபேதுக்கு எழுதினார்.